தொண்ணூற்று இரண்டாம் படி

வால்பரைசோ,
ஆகஸ்ட் 3, 1994.

அன்புள்ள கொம்பாத்ரே தெல்ஃபினுக்கு,

ரெமிஹியோ எழுதுவது. கடையும் நானும் ஒருவாறு நலம். உன் மகளுக்கு நான் ஞானத்தகப்பன் ஆன நாளிலிருந்து ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்று கூப்பிட்டே பழகிவிட்டோம். அதை எழுத்தில் பார்க்க எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. இருபது வருடம் ஒரே மேசையில் கண்ணாடி அறுத்தவர்கள் கடிதம் எழுதிக்கொள்ள வேண்டி வரும் என்று யார் நினைத்தார்கள்?

இதை உனக்குப் படித்துக் காட்டப்போகிற நேலிதாவுக்கும் என் வணக்கம். கொமாத்ரே, என் கோழிக் கிறுக்கல் எங்காவது புரியாவிட்டால் உங்களுக்குத் தோன்றிய சொல்லைப் போட்டுப் படித்துவிடுங்கள். அவன் கண்டுபிடிக்க மாட்டான். கண்ணில் குத்திய சில்லுகளையெல்லாம் எடுத்துவிட்டார்கள், பத்தொன்பதாம் தேதி கட்டைப் பிரித்தால்தான் பார்வை இருக்கிறதா இல்லையா என்று தெரியும் என்று நீங்கள் தொலைபேசியில் சொன்னதைக் குன்றில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். மேலே தேவாலயத்தில் அவன் பெயரைச் சொல்லி மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள்.

இனி கடை விஷயம். செவ்வாய்க்கிழமை தெற்கிலிருந்து லாரி வந்தது. அன்று மூடுபனி எப்படி என்றால், லாரி வருவதற்கு முன்னால் அதன் சத்தம் மட்டும் தெருவில் நின்றுகொண்டிருந்தது. பெட்டியைத் திறந்து தாளை உருவினேன். நான்கு மில்லிமீட்டர் கண்ணாடித் தகடுகள் அறுபதும் நெட்டுக்குத்தாக நின்றன. முகத்தைப் பார்த்தால் ஒன்றுமே இல்லை, விளிம்பைப் பார்த்தால் கரும்பச்சை. கடலை அடுக்கி அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். லாரிக்காரன், "என்ன சார், கையெழுத்துப் போடுறீங்களா, இல்ல நான் போய் ஒரு டீ குடிச்சிட்டு வரட்டா?" என்று கேட்டான். நீ இருந்திருந்தால் இதைவிட மோசமாகக் கேட்டிருப்பாய்.

ரொட்டிக்கடை ஈத்தாலோவின் காட்சிப் பெட்டிக் கண்ணாடி மறுபடியும் விரிசல் விட்டுவிட்டது. அதன்மேல் தொந்தியைச் சாய்த்துக்கொண்டு அரட்டை அடிக்காதே என்று நீ எத்தனை முறை சொல்லியிருப்பாய்? "நான் எங்கய்யா சாஞ்சேன், கண்ணாடிதான் என் மேல சாஞ்சுது" என்கிறார். இந்த முறை எட்டு மில்லிமீட்டரில் போட்டேன். உனக்காக ஒரு பை ரொட்டி கொடுத்தார். சந்தியாகோ ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் காய்ந்துவிடும் என்று நானே தின்றுவிட்டேன்.

சிற்றாலயத்து ஜன்னலில் பையன்களின் பந்து பட்டுச் சிவப்புத் துண்டு உடைந்துவிட்டது. அந்தச் சிவப்பு இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை. தற்காலிகமாக வெறும் கண்ணாடி போட்டேன். இதுவரை காலைப் பூசையில் சிவப்பாக இருந்த புனித பேதுரு சிலையின் பாதம் இப்போது வெள்ளை வெளேரென்று இருக்கிறது. பாதிப் பேர் சிவப்பே வேண்டும் என்கிறார்கள். மீதிப் பேர், இப்போதுதான் அவர் கால் கழுவிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறது, விட்டுவிடுங்கள் என்கிறார்கள். நான் இரண்டு கட்சிக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

பொலாங்கோ குன்றில் ஒத்தீலியா அம்மாள் ஜன்னலை இரண்டு மடங்கு அகலமாக்கச் சொல்கிறாள். துறைமுகத்தில் அவள் புருஷன் ஓட்டுகிற பாரந்தூக்கி அந்த ஜன்னலின் மரச்சட்டத்துக்குப் பின்னால் போய்விடுகிறதாம். "மத்தியானம் ஒரு தடவ அந்தக் கொக்கி மேல போறதப் பாத்துட்டேன்னா போதும், அந்த மனுஷன் சாப்பிட்டாரான்னு தெரிஞ்சுரும்" என்றாள். கொக்கியைப் பார்த்து அது எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. அளவு மட்டும் எடுத்தேன். கண்ணாடி பிறகு வரும் என்று சொல்லியிருக்கிறேன்.

படியேறிக் கண்ணாடியை மேலே ஏற்றுகிற வேலை எதையும் இப்போது எடுப்பதில்லை. கீழே சமதரையில் இருப்பதே எனக்குச் சரியாக இருக்கிறது.

நடன ஆசிரியை அம்பாரோவைப் பார்த்தேன். நாம் கொண்டுபோன நிலைக்கண்ணாடிக்கு விட்ட இடம் அவள் கூடத்தில் அப்படியே காலியாக இருக்கிறது. பிள்ளைகள் வெறும் சுவரைப் பார்த்து ஆடுகிறார்கள். "அவசரமே இல்ல, தெல்ஃபின் வந்தப்புறம் பாத்துக்கலாம்" என்றாள்.

மருந்தை நேரத்துக்குப் போட்டுக்கொள். தாதிமாரை வம்புக்கு இழுக்காதே.

உன் பங்காளி,
ரெமிஹியோ.


சந்தியாகோ,
ஆகஸ்ட் 8, 1994.

மதிப்புக்குரிய கொம்பாத்ரே ரெமிஹியோவுக்கு,

நேலிதா எழுதுகிறேன். உங்கள் கடிதத்தை வார்டில் மூன்று முறை படித்தேன். இரண்டாவது முறை பக்கத்துக் கட்டில்காரர்களும் கேட்டார்கள். ஈத்தாலோவின் தொந்தி இங்கே பிரபலமாகிவிட்டது. அவர் பதில் சொல்கிறார். ஒரு சொல்லையும் மாற்றக் கூடாதாம், சொன்னபடியே எழுதுகிறேன்:

"டேய் கனவுக்காரா, லாரிக்காரன் உன்னக் கேட்டது நியாயம்தான்டா. உன்னக் கடையில விட்டுட்டு வந்தா நீ கண்ணாடி விக்க மாட்டே, அது வழியா வெளிய பாத்துக்கிட்டே நிப்பேன்னு எனக்குத் தெரியும். பேதுருவோட கால அப்படியே விட்டுரு. ஒத்தீலியாம்மாவ மட்டும் காக்க வைக்காத. அந்த அம்மா வீடு கிழக்குப் பக்கமாச் சரிஞ்சிருக்கு, மேல் அளவையும் கீழ் அளவையும் தனித்தனியா எடு.

"இப்ப நான் சொல்றத முழுசாக் கேளு, நடுவுல பேசாத. நான் திரும்பி வரப்போறதில்ல. கண்ணு வந்தாலும் சரி, வராட்டியும் சரி. நாள் பூரா இருட்டுல படுத்து அதையேதான் யோசிக்கிறேன். கண்ணாடிய ஏத்துறப்ப நீ முன்னால நின்னு படிய எண்ணுவே, நான் கீழ நின்னு தாங்குவேன். இருபது வருஷமா உன் எண்ணிக்கைதான்டா எனக்குக் கண்ணு. தொண்ணூத்தி ரெண்டாவது படி உடைஞ்ச படின்னு நான் தூக்கத்துலகூடச் சொல்வேன். நான் விழுந்த அன்னைக்கும் நீ சொல்லித்தான் இருப்பே. என் காதுல விழல. காது போச்சுன்னா கால நம்ப முடியாது. கால நம்பாதவன் கண்ணாடியத் தூக்கக் கூடாது. நாளைக்கு உன்மேல போட்டேன்னா உன் பொண்டாட்டி மூஞ்சிய நான் எப்படிப் பாக்குறது?

"நேலிதாவோட அண்ணன் இங்க கார் நிறுத்துற இடம் வச்சிருக்கான். நாற்காலியில உக்காந்து சீட்டுக் கிழிக்கிற வேலை. கட்டப் பிரிச்ச மறுநாள், சனிக்கிழம, பதில் சொல்றேன்னு சொல்லியிருக்கேன். கடையில என் பாதிய நீ எடுத்துக்க, இல்லன்னா யாருக்காவது குடுத்துரு. திட்டணும்னா இப்பவே திட்டி எழுது."

இவ்வளவுதான் அவர் சொன்னது. இனி நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. வராந்தாவில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது அடிகளை எண்ணுகிறார். தொண்ணூற்று ஒன்று வந்ததும் நின்றுவிடுகிறார். பிறகு திரும்பலாம் என்கிறார். உங்கள் பேச்சைத்தான் கேட்பார். ஏதாவது எழுதுங்கள், கொம்பாத்ரே.

நேலிதா.


வால்பரைசோ,
ஆகஸ்ட் 14, 1994.

கொமாத்ரே நேலிதாவுக்கு,

இந்த உறைக்குள் ஒட்டி மூடிய இன்னோர் உறை இருக்கிறது. வெள்ளிக்கிழமை வைத்தியர் கட்டைப் பிரிக்கும்வரை அதைத் திறக்க வேண்டாம். பிரித்த பிறகு அவன் கையிலேயே கொடுங்கள். அவனால் படிக்க முடியாமல் போனால் நீங்கள் படியுங்கள். அப்போது ஒரு வரியையும் விடாதீர்கள், எந்தச் சொல்லையும் மென்மையாக்காதீர்கள். அதன் பிறகு உங்களுக்கு என்மேல் எந்தக் கோபம் வந்தாலும் அது நியாயமானதே.

ரெமிஹியோ.


தெல்ஃபின்,

உன் காதுக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் தொண்ணூற்று இரண்டு என்று சொல்லவே இல்லை.

அதை முதலில் எழுதிவிட்டேன். இனிமேல் தாளைக் கிழித்துப் போட முடியாது. போன கடிதத்தை நான்கு முறை தொடங்கினேன். ஒவ்வொரு முறையும் ஈத்தாலோவும் பேதுருவும் வந்து நின்றுகொண்டார்கள், நானும் அவர்களுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

நிலைக்கண்ணாடியைப் போர்வை சுற்றித்தான் ஏற்ற வேண்டும் என்பது உன் சட்டம். அன்று நாற்பதாம் படியில், போர்வை காலில் சிக்குகிறது, எடுத்துவிடலாம் என்று சொன்னேன். நீ கீழே இருந்து முணுமுணுத்தாய். "போர்வை இல்லாத கண்ணாடி ஊரையே அள்ளிக்கிட்டு வரும்டா, கனம் தாங்காது" என்றாய். பிறகு என்னை நம்பி, சரி என்றாய். போர்வை என் காலில் சிக்கவில்லை. எனக்குப் பார்க்க வேண்டும் போல் இருந்தது, அவ்வளவுதான். மழை விட்டு வெயில் வந்திருந்தது. அப்படி ஒரு காலையில் அவ்வளவு பெரிய கண்ணாடியில் விரிகுடா எப்படி இருக்கும் என்று ஆசைப்பட்டேன். ஐம்பத்து மூன்று வயதில் எனக்கு வந்த ஆசை இது.

அது தெரிந்தது, தெல்ஃபின். பொய் சொல்ல மாட்டேன், தெரிந்தது. அறுபதாம் படிக்கு மேலே தகரக் கூரைகள் முடிந்து தண்ணீர் வந்தது. பிறகு பாரந்தூக்கிகள், பிறகு ஒரு வெள்ளைக் கப்பல். நாம் ஒரு படி ஏறினால் கப்பலும் ஒரு படி ஏறியது. ஒரு கூழைக்கடா கண்ணாடியின் ஒரு விளிம்பில் நுழைந்து, ஒரு முறைகூடச் சிறகடிக்காமல் மறு விளிம்பு வரைக்கும் போனது. என் கையில் எடையே இல்லை. நீ தாங்கிக்கொண்டிருந்ததால்தான் எனக்கு எடை இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. நாம் இருவருமாகக் கடலைத் தூக்கிக்கொண்டு அம்பாரோவின் கூடத்துக்குப் போகிறோம், பிள்ளைகள் அதற்குள் ஆடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தொண்ணூற்று ஒன்று என்று சொன்னேன். சொன்ன வாயை மூடவில்லை. பிறகு கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கப்பல் ஏன் சாய்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன்.

நீ என் பெயரைச் சொல்லிக் கத்தினாய். அது எனக்குக் கேட்டது. உன் காதும் உன் காலும் அன்று செய்ய வேண்டியதைச் செய்தன. அடுத்த எண்ணுக்காக நீ ஒரு கணம் காத்திருந்தாய். உன் கால் காற்றில் நின்றதை நான் பார்த்தேன். இருபது வருடப் பழக்கத்தில், எண் வராததால் உடைந்த படி இன்னும் வரவில்லை என்று நினைத்துக் காலை வைத்தாய். பிழை என்னுடையது, முழுக்க என்னுடையது.

காவலர் வந்து கேட்டபோது, படி உடைந்திருந்தது என்றேன். அது எட்டு வருடமாக உடைந்திருக்கிற படி. குன்றில் அதை அறியாதவர் இல்லை, அதனால் எல்லோரும் ஆமாம் என்றார்கள். மறுநாள் நேலிதா, நான் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டேன் என்று விலாங்கு மீன் சாறு கொண்டுவந்து வைத்தாள். புருஷன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், அவள் எனக்குச் சாறு கொண்டுவந்தாள். நான் அதைக் குடித்தேன். கிண்ணத்தைக் கழுவிக்கூடக் கொடுக்கவில்லை.

உன் பதில் வந்திராவிட்டால் இதை என்றைக்கும் எழுதியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். அதுவும் உனக்குத் தெரியட்டும். நான் நல்லவன் என்பதால் எழுதவில்லை. நீ உன் காலைக் குற்றம் சொல்லிக்கொண்டு நாற்காலியில் உட்காரப் போகிறாய் என்பதைத் தாங்க முடியாமல் எழுதுகிறேன். வால்பரைசோவில் உன் கால்களைப் போல ஒரு ஜோடி கிடையாது. அவை இந்தக் குன்றின் எல்லாப் படிகளையும் அறியும். சீட்டுக் கிழிக்க வேறு எத்தனையோ பேர் கிடைப்பார்கள்.

கடையில் இருக்கக் கூடாதவன் யார் என்பதை இனி நீ முடிவு செய். என் பாதியையும் நீயே எடுத்துக்கொள்கிறாய் என்றால் சாவியை ஈத்தாலோவிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவேன். முன்னால் நின்று எண்ணுவதற்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம். கூப்பிட்டு முகத்துக்கு நேரே திட்ட வேண்டும் என்றால் அன்றைய பேருந்திலேயே சந்தியாகோவுக்கு வருகிறேன். இருபது வருடத்தில் உன்னிடம் நான் கேட்ட எதையும் நீ மறுத்ததில்லை. போர்வையைக்கூட மறுக்கவில்லை. அதனால் மன்னிப்பைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் கொடுத்துவிடுவாயோ என்று பயமாக இருக்கிறது. சனிக்கிழமை உன் மைத்துனனிடம் முடியாது என்று சொல். அதை மட்டும் கேட்கிறேன்.

இதை எழுதும்போது ஒன்று மட்டும் எனக்குத் தெரியவில்லை. இந்த வரியின்மேல் போவது உன் பார்வையா, நேலிதாவின் குரலா? தேவாலயத்தில் எல்லோரும் உனக்காக வேண்டுகிறார்கள். நான் போய்ப் பின்வரிசையில் நின்றேன், வேண்டுவதற்கு நாக்கு எழவில்லை. அதனால் இங்கே, இந்தத் தாளில் வேண்டிக்கொள்கிறேன். கடவுள் காக்கட்டும், இதை உன் கண்களே படிக்கட்டும். அதற்குப் பிறகு அவை என் முகத்தைப் பார்க்கவே மறுத்தாலும் சரி.

ரெமிஹியோ.