இடைவேளையில் நிற்பவள்

நெளுக்குளத்தில் இன்று காலையிலிருந்து மழை. வேலைக்குப் போக றெயின்கோட்டை எடுத்து உதறினேன். பிளாஸ்டிக்கும் பழைய வியர்வையும் கலந்த மணம். இரண்டு வருடங்களாக மடித்தபடி கிடந்தும் போகவில்லை.

இதை மழைக்கென்று நாம் வாங்கவில்லை. வைகாசி வெயிலில், நடு மத்தியானத்தில், இதைப் போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினோம். போட்டிக்கு முன் நிறை குறைய வேண்டும். ஒருமுறை சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்று கேட்டார்.

"பிள்ளையள், மழை எங்க பெய்யுது?"

நீ ஓட்டத்தை விடாமல் சொன்னாய். "உள்ளுக்கை, ஐயா."

குத்துச்சண்டையில் நீ பெரிய பலசாலி இல்லை. உன் வலது கை மெதுவானது என்று பயிற்சி தரும் சேர் எப்போதும் திட்டுவார். நீ வென்றவற்றில் பாதி, மணி அடிப்பதற்கு முன்பே வென்றவை. எதிராளியின் மனதுக்குள் சின்னதாக ஒரு கல்லைப் போட்டுவிட்டு வந்து நிற்பாய்.

உன் கல் ஒரு கேள்வி. நிறை பார்க்கும் வரிசையில் எல்லோரும் முதல்நாளிலிருந்து பட்டினி. தண்ணீர்கூட இல்லை. உதடு வெடித்து, கண் உள்ளே போய் நிற்பார்கள். தெற்கிலிருந்து வந்த உன் எதிராளியிடம் போய் மெல்லக் கேட்பாய். "நங்கி, கேம கேவத?" தங்கச்சி, சாப்பிட்டாச்சா. உனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதும் அவ்வளவுதான். அவள் உன்னைவிட மூத்தவளாக இருந்தாலும் நங்கிதான். எங்கள் பக்கத்தில் யாரைக் கண்டாலும் முதலில் கேட்கிற கேள்வி. யாரும் குற்றம் பிடிக்க முடியாது. ஆனால் அவளுடைய வயிறு அந்த நேரம்தான் விழித்துக்கொள்ளும்.

"பாவமடி," என்பேன்.

"நான் என்ன செய்தனான்? சாப்பிட்டியோ எண்டு கேக்கிறது பிழையோ?"

ஒரே ஒரு முறை பிசகியது. மலையகத்துப் பிள்ளை ஒருத்தி. நீ வழமைபோலச் சிங்களத்தில் கேட்டாய். அவள் தமிழில் பதில் சொன்னாள்.

"இல்லக்கா. நேத்துலருந்து ஒண்ணுமே சாப்பிடல. தலை சுத்துது."

கேட்டாயிற்று, இல்லை என்றும் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு எங்கள் வீடுகளில் செய்வது ஒன்றுதான். நிறை பார்த்து முடிந்ததும் உன் இடியப்பப் பார்சலைப் பிரித்துப் பாதியை அவளுக்குக் கொடுத்தாய். சம்பலையும் கொடுத்தாய். பின்னேரம் அவள் உன்னை மூலைக்கு மூலை விரட்டி அடித்தாள்.

"சாப்பாடு குடுத்த கையால எப்பிடியடி அவளுக்கு அடிக்கிறது?"

பஸ் வவுனியா வரும்வரை இதே கதைதான். உண்மையிலேயே பசித்திருந்தாளா, உன் வித்தையை உன்மேலேயே திருப்பினாளா. கடைசியில் நீயே தீர்ப்புச் சொன்னாய்.

"பசி உண்மைதான். ஆனா அதைச் சொன்னது குத்து."

பல்கலைக்கழகத்தில் உளவியல் பாடத்தில் இவற்றுக்கெல்லாம் பெயர்கள் வந்தன. ஆர்வமாக உன்னிடம் ஒப்புவித்தேன். கொட்டாவி விட்டாய். "பேர் தெரிஞ்சா அடி நோகாதோ?"

நான் அதிகம் நினைப்பது இன்னொன்றை. றவுண்டுகளுக்கு நடுவில் ஒரு நிமிட இடைவேளை. மூலையில் கதிரை வைப்போம். நீ அதில் இருக்கமாட்டாய். மூலைக்கம்பத்தில் முதுகு படாமல், கயிற்றில் கையைப் போட்டபடி, பஸ்ஸுக்குக் காத்து நிற்பவள்போல நிற்பாய். எதிர்மூலைக் கதிரையில் இருந்து மூச்சு வாங்குகிறவள் உன்னையே பார்ப்பாள். இவளுக்குக் களைக்கவில்லையா? அந்த யோசனையோடுதான் அடுத்த மணிக்கு எழும்புவாள்.

நான் தண்ணீர்ப் போத்தலோடு உனக்குப் பின்னால், மேடைக்குக் கீழே. அவளுக்கு உன் முகம். எனக்கு உன் முழங்காலின் பின்பக்கம். அது நடுங்கும். கையில் பிடித்த கோழிக்குஞ்சுபோல.

"ஒருக்கா இரன்."

"வாயை மூடு. அவள் பாக்கிறாள்."

பிறகு உனக்குச் சிறுநீரகம் பழுது என்றார்கள். கிணற்றுத் தண்ணீர் என்று ஒருவர். நிறை குறைக்கத் தண்ணீர் குடிக்காமல் ஓடியதால் என்று இன்னொருவர். பரம்பரை என்று மூன்றாமவர். காரணங்களைக் கேட்டுக் கேட்டுக் களைத்துவிட்டேன். எதைப் பிடித்துக்கொண்டாலும் நீ வரப்போவதில்லை.

நீ வவுனியா ஆஸ்பத்திரியில் கிடந்த அதே கிழமைதான் கொழும்பில் தேசிய அணிக்கான தெரிவுப் போட்டி. என் பெயரும் அதில் இருந்தது. எனக்கு இனி இப்படி ஒன்று கிடைக்காது என்று சேர் சொல்லியிருந்தார். உன்னை விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போவதில்லை என்று நான் முடிவெடுத்திருந்தேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

நீ யன்னலடியில் நின்றுகொண்டிருந்தாய்.

"என்ன, செத்தவீட்டுக்கு வாறமாதிரி வாறாய்?"

"படுக்கேல்லையோ?"

"படுத்துப் படுத்து முதுகு நோகுது. டொக்டர் நடக்கச் சொன்னவர். வாற கிழமை துண்டு வெட்டி வீட்டை போக விடுவினம்."

பார்வையாளர் நேரம் முழுவதும் நின்றாய். அடுத்த கட்டில்காரி குறட்டை விடுவதை நடித்துக் காட்டினாய். உன் அம்மா கதிரையை இழுத்துப் போட்டார். நீ அதில் என்னை இருத்தினாய். அங்கேதான் நீ பிழைவிட்டாய். இருந்தபோது என் கண் உன் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. வெளியே எதையோ காட்ட யன்னல் பக்கம் திரும்பினாய். சட்டையின் விளிம்புக்குக் கீழே, வீங்கிய கால்கள். பின்பக்கம் அதே நடுக்கம்.

"நீ போகாட்டி ஆர் போறது? நான் நல்லாயிருக்கிறன். பார்."

பார்த்தேன். எதிராளியின் பொய் அசைவை நம்பி அசைகிறவள் அடி வாங்குவாள் என்பது முதல் மாதத்திலேயே படிப்பது. நான் தெரிந்துகொண்டே அசைந்தேன். நான் எழும்பிப் போனால்தான் நீ படுப்பாய்.

"அப்ப, போட்டு வாறன்."

உன் தோள் மெல்ல இறங்கியது.

கொழும்பில் தோற்றேன். புள்ளிகளில். அன்று பின்னேரம் உனக்குப் போன் எடுத்தேன். உன் அம்மாதான் எடுத்தார். "அவள் நித்திரை, பிள்ளை." மறுநாளும் நித்திரை. குரலில் ஒரு சின்னப் பிசிறும் இல்லை. நான் பஸ் ஏறி இருந்துவிட்டேன் என்று உறுதியான பிறகுதான், நேரே மல்லாவியில் உங்கள் வீட்டுக்கு வா என்றார்.

நீ போய் எட்டாம் நாள், எட்டுச் சிலவுப் படையல் முடிந்து சனம் கலைந்த பிறகு, குசினி வாசலில் இருந்தபடி அவர் சொன்னார். "நீ அங்கால போக இங்கால படுத்திட்டாள். மூச்சு வாங்குது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டவள், அம்மா, அவள் நம்பிட்டாளோ எண்டு."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"ஓமெண்டு சொன்னனான். சிரிச்சவள்." பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். "நம்பினனிதானே, பிள்ளை?"

"ஓம், அம்மா."

நீ வென்ற கடைசிச் சண்டையாக அவர் அதை வைத்திருக்கிறார். மல்லாவிக்குப் போகும்போதெல்லாம், தேத்தண்ணி தரும்போதோ வேறு கதைக்கு நடுவிலோ, திரும்பவும் கேட்பார். நான் குத்துச்சண்டையை விட்டுவிட்டேன். கை மெலிந்துவிட்டது, படியேறினாலே மூச்சு வாங்குகிறது. அந்த ஒரு ஓமுக்கு மட்டும் இன்னும் பயிற்சி எடுக்கிறேன். பஸ்ஸில், மாங்குளம் தாண்டியதும் தொடங்குவேன்.