கயிற்றுக்குக் குறுக்கே

ஜனவரி 7, செவ்வாய்
கடற்பசு சரணாலயத்தில் தன்னார்வத் தொண்டனாக முதல் நாள். ஒற்றையாள் துடுப்புப் படகான கயாக்கில் உட்கார்ந்ததும் இடுப்பு மாட்டிக்கொண்டது. பக்கத்தில் ஒரு கடற்பசு தலையைத் தூக்கி 'புஸ்' என்று மூச்சு விட்டதில், ஐம்பத்தெட்டு வயசு ஆண்பிள்ளை நான் அலறிவிட்டேன். பார்க்க வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைதட்டினார்கள். முப்பது வருஷம் இந்த ஆற்றில் படகு ஓட்டினவன் என்று இனி யாரிடம் சொல்ல?

ஜனவரி 9
உறைபனி. வளைகுடா சில்லிட்டதும் கடற்பசுக்கள் எல்லாம் ஆற்றின் வெதுவெதுப்பான ஊற்றுக்குள் வந்துவிட்டன. இருநூறுக்கு மேல். ஊற்றின் வாயில் கயிறு கட்டியாயிற்று; படகுக்கும் நீச்சல்காரர்களுக்கும் தடை. பயந்து வெளியே ஓடினால் குளிரில் செத்துப்போகும். காவல் நான்.

ஒவ்வொன்றையும் அடையாளம் வைத்துக்கொள்ள, அவற்றின் வடுக்களை வரைய ஒரு தாள் கொடுத்தார்கள். நான் வரைந்ததெல்லாம் உருளைக்கிழங்கு மாதிரி. ஒன்று மட்டும் சரியாக வந்தது: முதுகில் படகு விசிறி கிழித்த நான்கு வெட்டு, வாலில் பிறை அளவுக்கு ஒரு துண்டு இல்லை. பக்கத்தில் குட்டி. அதை நான் பார்க்காமலே வரைந்திருப்பேன்.

ஜனவரி 10
ராய்ஸ் என் பழைய முதலாளி. கடற்பசுக்களோடு நீந்த சுற்றுலாக்காரர்களைக் கூட்டிப்போகிறவன்; இப்போது என் மகள் கோரா அவனுக்குப் படகு ஓட்டுகிறாள். தூண்டில் இரை விற்கும் கடையில் நாலு பேர் முன்னால் பிடித்துக்கொண்டான்.

"என்ன வெண்டெல், மாடு மேய்க்கக் கிளம்பிட்டியாமே? நாளைக்கு என் படகு உள்ள போகும். ஓட்டப்போறது உன் பொண்ணு. என்ன பண்ணுவே?"

"குறுக்க நிப்பேன்."

"கயாக்க விட்டு எந்திரிக்கவே உனக்கு ரெண்டு ஆள் வேணும்."

"அதான் சொல்றேன். என்னை நகத்தறது சுலபமில்ல."

ஜனவரி 11
வந்தார்கள். நீச்சல் உடுப்பில் சுற்றுலாக்காரர்கள் பன்னிரண்டு பேர், சுக்கானில் கோரா, அவள் பின்னால் ராய்ஸ். கயிற்றுக்குக் குறுக்கே கயாக்கைப் போட்டேன்.  

"தள்ளுப்பா. என் வேலை போயிடும்."

"போகட்டும்மா. உள்ள போகணும்னா என் மேல ஏத்திட்டுப் போ."

"ஏத்து" என்றான் ராய்ஸ்.

என்னையே பார்த்தாள். எஞ்சினை அணைத்தாள். சாவியை அவன் கையில் வைத்து, "நீங்களே ஏத்துங்க" என்றாள்.

அவன் ஏற்றவில்லை. பன்னிரண்டு பேர் கையிலும் கேமரா இருந்தது.

ஜனவரி 12
கோராவுக்கு வேலை போய்விட்டது. காலையில் சோளக் கஞ்சியும் பொரித்த மீனும் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"கோபமில்லப்பா. இந்த ஆத்துல உன்னவிட வேகமா ஓட்டினவன் கிடையாது. உனக்கு எதுக்கு இந்தப் பிடிவாதம்?"

"பொழுது போகணுமே."

சிரித்தாள். நாளைக்குத் தானும் காவலுக்கு வருகிறாளாம்.

அவளிடம் சொல்லாதது இது. கோரா, உனக்கு அப்போது ஒன்பது வயசு. என் மடியில் உட்கார்ந்து நீதான் சுக்கானைப் பிடித்திருந்தாய். வேகத்தைக் கூட்டினது என் கை. 'டம்' என்று இடித்தது. என்னப்பா என்று கேட்டாய். கட்டைதான்மா என்றேன். நான் மட்டும் திரும்பிப் பார்த்தேன் — சிவந்த தண்ணீரில் ஒரு வால், பிறை அளவுக்கு ஒரு துண்டு இல்லாமல்.

கட்டை இல்லைம்மா.