பட்டை கட்டும் நேரத்துக் கேள்விகள்

என் அம்சாவுக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் உன்னிடம் மனசுக்குள் பேசிக்கொண்டுதான் இருந்தேன். இன்றைக்கு எழுதியே ஆக வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டேன். போன வாரம் சேலத்தில் குண்டு எறிதல் போட்டிக்குப் போய்வந்தேன். நீ இல்லாமல் இதுதான் முதல் தடவை.

நம் தலைச்சோலையில் இன்னும் காப்பிப் பழம் பறிக்கும் காலம் வரவில்லை. எஸ்டேட்டில் காப்பி காயப்போடும் களம் காலியாகக் கிடக்கிறது. தினமும் அங்கேதான் நாற்காலியைப் போட்டு எறிந்து பழகினேன். அங்கே ஒரு வீச்சும் தப்புவதில்லை. பார்க்கத்தான் ஆள் இல்லையே, பயம் எங்கிருந்து வரும்?

உன் தம்பி முருகேசன்தான் ஜீப்பில் கூட்டிப் போனான். மலை இறங்கும் வரைக்கும் அவன் வாயே திறக்கவில்லை. நான் துக்கத்தில் இருக்கிறேனாம், தொந்தரவு செய்யக் கூடாதாம். மைதானத்திலும் எல்லோரும் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள். எனக்கு அந்த அமைதிதான் பயத்தை ஏற்றிவிட்டது.

உனக்குத் தெரியாததா? மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்த நாள் முதல் இடுப்புக்குக் கீழே எனக்கு உணர்ச்சி இல்லை. ஆனால் பதற்றம் வந்தால் மட்டும் இந்தக் கால்கள் தாமாக வெட்டி இழுக்கும். நாற்காலியோடு சேர்த்துப் பட்டை போட்டு இறுக்கியிருந்தாலும், எறிகிற நொடியில் தொடை துள்ளி உடம்பு இருக்கையை விட்டு எழும்பினால் அந்த வீச்சு செல்லாது. பயத்தை முகத்தில் மறைத்துவிடலாம், காலில் எப்படி மறைப்பது?

தோற்றால்கூடத் தாங்கிக்கொள்வேன். தப்பாக எறிந்தாலும் கைதட்டுகிறார்களே, அதைத்தான் தாங்க முடிவதில்லை. "பாவம், இந்த நெலமையிலயும் வந்திருக்காரு" என்று யாரோ சொல்வது காதில் விழுந்தால் போதும், கையில் குண்டு இருப்பதே மறந்துவிடும்.

சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் நீ ஆரம்பிப்பாய். பட்டையை இழுத்துக் கட்டிக்கொண்டே, "ஏனுங்க, கேஸ அடைச்சீங்களா? ஊட்டுச் சாவிய எங்க வெச்சீங்க? எங்க சித்தி ஊட்டு விசேசத்துக்கு எப்பத்தான் போறோமுங்க?" என்று கேட்பாய். நான் எரிந்து விழுவேன். போன வருடம் அத்தனை பேர் முன்னாலும் கத்தினேனே. "வாய மூடு புள்ள! உன்னாலதான் எனக்குக் கவனமே செதறுது. அடுத்த தடவ நீ வராத!"

நான் எறிந்ததிலேயே அதிக தூரம் போனது அன்றைக்குத்தான். அடுத்த தடவை வருவதற்குள் நீ காய்ச்சலில் படுத்தாய், எழுந்திருக்கவே இல்லை. அந்த வார்த்தையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன், அம்சா?

போன வாரம் சேலத்தில் ஆளுக்கு மூன்று வீச்சு, ஒன்றன்பின் ஒன்றாக. முதல் வீச்சிலேயே கால் துள்ளியது, சிவப்புக் கொடி. இரண்டாவதும் சிவப்பு. கூட்டம் கைதட்டியது. மூன்றாவதும் இப்படியே போனால் குண்டு எறிவதையே இத்தோடு விட்டுவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். முருகேசன் குனிந்து, தளர்ந்திருந்த பட்டையை இறுக்கினான். அவன் கண் கலங்கியிருந்தது.

"மாமா, கோவிச்சுக்காதீங்க. அக்கா படுத்துக் கெடக்கறப்பவே எங்கிட்டச் சொல்லுச்சுங்க. பட்டை கட்டறப்ப மாமாவச் சும்மா உடாத, எதையாச்சும் கேட்டுக் கடுப்பேத்து, சும்மா உட்டா நொம்பப் பயந்துக்குவாருன்னு. எனக்குத்தான் மனசு வரலீங்க."

எத்தனை வருடம், எத்தனை போட்டி! ஒவ்வொரு கேள்வியையும் வீட்டிலேயே யோசித்து வைத்துக்கொண்டுதான் வந்தாயா? அத்தனை திட்டையும் தெரிந்தே வாங்கிக்கொண்டாயா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் அப்புறம் எனக்குக் கோபமே வந்திருக்காது. அதுவும் உனக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

முருகேசன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டான். "மாமா, மாட்டுக்குத் தண்ணி வெச்சீங்களா?"

"நம்மகிட்ட மாடே இல்லியேடா, கூறு கெட்டவனே!"

நான் கத்திய கத்தலில் நடுவர் திரும்பிப் பார்த்தார். கால் அடங்கிக் கிடந்தது. எறிந்தேன். என் வழக்கமான தூரத்தைவிட ஒரு முழம் குறைவு, நான்காவது இடம்தான். ஆனால் வெள்ளைக் கொடி எழுந்தது. முருகேசன் அழுதுகொண்டே சிரித்தான், நானும்தான்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. குண்டு கையை விட்டுப் போனதும் நான் எப்போதும் அது போய் விழுகிற இடத்தைத்தான் பார்ப்பேன். நீ என் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருப்பாய். அந்த நேரத்தில் உன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. ஒரு தடவைகூட நான் திரும்பிப் பார்த்ததில்லை.

அடுத்த மாதம் மறுபடியும் போட்டி இருக்கிறது. போகிறேன். முருகேசனே பட்டை கட்டட்டும், எதை வேண்டுமானாலும் கேட்கட்டும், நான் திட்டத்தான் செய்வேன். ஆனால் இனிமேல் எறிந்த உடனே பின்னால் திரும்பி, கட்டியவனின் முகத்தைத்தான் முதலில் பார்ப்பேன். தூரத்தை அவர்கள் அளந்துகொள்ளட்டும்.

உன்னைத் திரும்பிப் பார்க்காத
உன் வீட்டுக்காரன்,
பழனிசாமி