ஜன்னலில் அடித்த ஆணி

வடக்கு வேல்ஸ், மார்ச் 1913

அன்புள்ள அப்பாவுக்கு எலுனெத்தின் வணக்கம். நான் நலம், காய்ச்சல் இல்லை, கன்னம்கூட உப்பிவிட்டது. சிலேட்டுக் குவாரித் தூசியில் உங்கள் தொண்டை எப்படி இருக்கிறது?

இந்தக் காசநோய் மருத்துவமனையில் எங்கள் கடிதங்களைத் தலைமை நர்ஸ் படித்துத்தான் அனுப்புவார். அதனால் இதை நிலா வெளிச்சத்தில் ஒளித்து எழுதுகிறேன். பால்காரர் தபாலில் சேர்ப்பார்.

மாவட்டக் காசநோய் நர்ஸ் வியாழக்கிழமை நம் வீட்டைப் பார்க்க வருகிறார். என் அறை காற்றோட்டமாக இருந்தால்தான் என்னை வீட்டுக்கு அனுப்புவார்களாம். நான் இருமத் தொடங்கியதும், குளிர்காற்று படக் கூடாதென்று நீங்கள் ஜன்னலுக்கு ஆணி அடித்தீர்களே!

பக்கத்துக் கட்டில் நெஸ்டாவிடம் மட்டும் சொன்னேன்.

"எங்கப்பாவும் அப்படித்தான்டி. நர்ஸ் வர்ற அன்னிக்கு மட்டும் ஜன்னலைத் திறந்து வச்சாரு. அந்தம்மா அவரைப் பாத்துட்டு, 'வீட்டுக்குள்ள தினமும் கோட்டு, தொப்பியோடதான் உக்காந்திருப்பீங்களா?'ன்னு கேட்டாங்க."

சிரித்துச் சிரித்து எனக்கு இருமலே வந்தது. ஆனால் நெஸ்டா இன்னும் இங்கேதான் இருக்கிறாள்.

அதனால் இன்றே ஆணியைப் பிடுங்கி, நீங்களும் குளிருக்குப் பழகுங்கள். இங்கே குளிர்காற்றுதான் மருந்து; நாங்கள் திறந்த வராந்தாவில்தான் தூங்குகிறோம். காலையில் போர்வைமேல் பனி கிடக்கும். எனக்கு ஒன்றும் ஆகவில்லை அப்பா.

என் கம்பளிக் காலுறையைத் துவைத்து வையுங்கள். பூனை என் கட்டிலில் படுத்தால் விரட்டாதீர்கள்.

இரவு நர்ஸின் விளக்கு வருகிறது. ஆணியை எடுத்து வைக்காமல் ஆற்றில் எறிந்துவிடுங்கள். இல்லாவிட்டால் நான் வந்து முதல்முறை இருமியதும் மறுபடி அடித்துவிடுவீர்கள்.

உங்கள் எலுனெத்