நெஞ்சு வலிக்கு சோடா குடித்த மாப்பிள்ளைக்கு

என் அருமைக் குமரேசா,

தங்கையைக் கட்டியவனை மாப்பிள்ளை என்று மரியாதையாகத்தான் கூப்பிட வேண்டும். இன்று என்னால் முடியாது. அவ்வளவு கோபம் உன் மேல்.

நீ போன பிறகும் ஆவடி குவார்ட்டர்ஸ் ரோட்டில் காலையில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறேன். ஓடுகிறேன் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன், வாக்கிங் வருகிறவர்கள் என்னைத் தாண்டிப் போகிறார்கள். ஃபாக்டரியிலிருந்து ரிட்டயர் ஆன கையோடு என்னையும் சேர்த்து அரை மாரத்தானுக்குப் பேர் கொடுத்தது யார்? "இருபத்தோரு கிலோமீட்டர்தானே மச்சான், பேசிக்கினே போயிடலாம்" என்றாய். இப்போது யாரோடு பேசிக்கொண்டு போவது?

அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. பருத்திப்பட்டு ஏரிக்குப் போகும் வழியில் நின்றுவிட்டாய்.

"இன்னாடா?" என்றேன்.

"குதிகால் வலிக்குது மச்சான். நீ போய்க்கினே இரு, வந்துடறேன்."

நம்பிப் போனேன். முதல்முறையாக உன்னை முந்திவிட்டேன் என்ற பெருமை வேறு. நீயோ பெட்டிக்கடையில் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டு, "கேஸ் புடிச்சிக்கிச்சு, ஒரு சோடா குடுப்பா" என்று கேட்டிருக்கிறாய். ஏப்பம் வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டதென்று ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்ப் படுத்தாய். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. காரியமெல்லாம் முடிந்த பிறகு கடைக்காரர் சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரிந்தது.

கடைக்காரரிடம் சொல்லத் தெரிந்த உனக்கு என்னிடம் சொல்ல என்னடா கேடு? என் தங்கச்சி வள்ளிக்குத் தெரிந்தால் ஓட விடமாட்டாள் என்ற பயமா? இப்போது மட்டும் ஓடுகிறாயா?

தினமும் நான் ஷூ மாட்டும்போது அவள் வாசலில் வந்து நிற்கிறாள். "அந்த ஆளுதான் சொல்லாம கொள்ளாம போயிட்டாரு. நீயாவது ஒழுங்கா ஊடு வந்து சேருண்ணா" என்கிறாள். தலையை ஆட்டிவிட்டுக் கிளம்புகிறேன்.

போன வாரம் பூந்தமல்லி பக்கம் ஓடும்போது எனக்கும் நெஞ்சைப் பிடித்தது. கூட ஓடுகிற பிள்ளைகள் ஏற்கெனவே, "அங்கிள், பத்து கிலோமீட்டருக்கு மாறிக்குங்களேன்" என்று நச்சரிக்கிறார்கள். அவர்கள் முன்னால் நிற்க வெட்கமாகத்தான் இருந்தது. நின்றேன். "நெஞ்சு வலிக்குதுபா" என்று கத்தியே சொன்னேன். தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு டாக்டரம்மா சிரித்தார். "இதயம் நல்லா இருக்குங்க. வெறும் கேஸ்தான்."

முந்தின நாள் தின்ற பஜ்ஜிடா! பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து உன்னைத் திட்டித் திட்டி அழுதேன். கேஸா, இல்லையா என்று பார்த்துச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். நீ சோடாவைக் கேட்டாயே, பாவி!

அடுத்த மாதம் ஓட்டம். ஓடலாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். எல்லோரும் பந்தலைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது நான் வருவேன், பரவாயில்லை. ஆனால் நெஞ்சில் சுருக்கென்றால், முடிவுக் கோடு கண்ணெதிரே இருந்தாலும் நின்றுவிடுவேன். நாலு பேர் கேட்கக் கத்துவேன். பாதியில் திரும்பினாலும் உயிரோடு திரும்புவேன். வள்ளிக்கு இனி நான் ஒருத்தன்தான் மிச்சம்.

இன்னும் கோபம் தீராத,
உன் மச்சான் தணிகாசலம்