முப்பத்தெட்டு சென்ட் பாறை

4 மார்ச் 2023, சனி

இன்று அண்ணனிடம் நான் சொல்லாத வார்த்தை: முடியாது.

சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கருவாட்டுக் குழம்பு. அண்ணன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான். "பாப்பா, நீ அயர்லாந்து போறதுக்குள்ள ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போயிடு. விடுதலைப் பத்திரம். அப்பா பேர்ல இருக்கறத என் பேருக்கு மாத்தணும்."

அது எதிர்பார்த்ததுதான். அத்தைகளைக் கட்டிக்கொடுப்பதற்கு முன்பே கையெழுத்து வாங்கிக்கொண்ட குடும்பம் இது. நான் வேலைக்குப் போகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அடுத்து ஒன்று சொன்னான்.

"காசிநாதன் பாறைய கேக்கறாரு. கல்லு ஒடைக்கற கிரஷர் வச்சிருக்கறாரே, அவரு. வாரிசு எல்லாரும் கையெழுத்து போட்டாத்தான் எடுப்பாராம்."

"பாறையவா?" என்றேன்.

"பின்ன, கரும்புத் தோட்டத்தையா?" என்று அண்ணி சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன். அம்மா எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

அந்தப் பாறையைப் பற்றி இந்த வீட்டில் நான் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. என்னவென்று சொல்வது?

6 மார்ச்

விமானத்தில் முப்பது கிலோ. அண்ணன் மரவள்ளி மூட்டை நிறுக்கும் தொங்கு தராசைக் கொண்டுவந்து வேப்பமரத்துக் கிளையில் மாட்டினான். என் பெட்டி அதில் ஆடியது. நாற்பத்தொன்று.

"அதுல இன்னா, ஆளு கீளு இருக்கா?" என்றான்.

புத்தகங்கள்தான். சேலம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த காலம் முழுக்கச் சேர்த்தவை. மாலைவரை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். சிலவற்றைத் திறந்தால் நைட் டூட்டியில் சிந்திய டீக்கறை. கடைசியில் நான்குதான் பெட்டியில் மிஞ்சின. மற்றதையெல்லாம் இரும்பு பீரோவில் அடுக்கிச் சாவியை அண்ணியிடம் கொடுக்கப் போனேன்.

அவள் பெட்டியை எட்டிப் பார்த்தாள். "அந்த சிவப்பு அட்ட குண்டு புக்க மட்டும் எடுத்துக்கினு போயிடாத பாப்பா. பாதிதான் படிச்சிருக்கறேன்."

எனக்குத் தெரியவே தெரியாது. அண்ணி என் புத்தகங்களைப் படிக்கிறாள்! ஆறு வருஷமாக ஒரே குடும்பத்தில். நான் மட்டும்தான் எதையும் வெளியே சொல்லாமல் வைத்திருப்பவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி மூன்று.

9 மார்ச்

பாறைக்குப் போனேன். வீட்டிலிருந்து பார்த்தால் கரும்புக்குப் பின்னால் ஒரு சாம்பல் நிற முதுகு மட்டும் தெரியும். கிட்டே போனால்தான் அதன் அளவு. எங்கள் மூன்று ஏக்கரில் உழ முடியாத மூலை அது. வாய்க்காலுக்கு வடக்கே, முப்பத்தெட்டு சென்ட்.

இப்போது மரவள்ளிக் காலம். தெருப் பெண்கள் தோல் சீவி வெட்டிய துண்டுகளைப் பாறை முழுக்கப் பரப்பியிருந்தார்கள். வெயிலில் கண் கூசும் வெள்ளை. அம்மா நடுவில் உட்கார்ந்து காக்கை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

பொழுது இறங்கியதும் எல்லோரும் போனார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு மேலேறி, சுனைக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்தேன். சுனை என்றால் பாறை உச்சியில் மழைத்தண்ணீர் தேங்கும் குழி. இப்போது காய்ந்து கிடக்கிறது. பகலெல்லாம் வாங்கிய சூட்டைப் பாறை என் முதுகில் மெல்ல விட்டுக்கொண்டிருந்தது. பள்ளிக்கூட நாட்களிலிருந்து இதைச் செய்கிறேன். இந்தப் பக்கத்துப் பாறைகளின் வயது இருநூற்றைம்பது கோடி ஆண்டுகள் இருக்கும் என்று கல்லூரி நூலகத்தில் ஒருமுறை படித்தேன். அன்று அது வெறும் எண். எண்ணைப் படித்துவிட்டுப் பேருந்து பிடிக்க ஓடினேன்.

இன்று கையை வைத்துக்கொண்டு நினைத்துப் பார்த்தேன். மீன் இல்லை. புல் இல்லை. இலை என்ற ஒன்றே இல்லை. இது இருந்தது. அதன்மேல் இன்று எங்கள் அம்மா மரவள்ளி காயவைக்கிறாள்.

மூச்சை ஒரு நிமிஷம் மறந்துபோனேன். மிகைப்படுத்தவில்லை. நிஜமாகவே மறந்தேன்.

12 மார்ச், ஞாயிறு

காசிநாதன் வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் சின்னச் சுத்தியல். அண்ணன் இளநீர் வெட்டிக்கொடுத்தான். நான் வரப்பில் நின்றேன்.

அவர் பாறையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை தட்டிக்கொண்டே போனார். தட்டுவார், காதைச் சாய்ப்பார். அவரை வெறுக்கலாம் என்றுதான் நின்றிருந்தேன். ஆனால் உச்சிக்குப் போனதும் அவர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார்.

"தனசேகரு, ஒரே கல்லுய்யா இது. ஒரு விரிசல் இல்ல. நானும் முப்பது வருசமா கல்லு பாக்கறேன்."

"எவ்ளோ ஆழம் போவும்?" என்றான் அண்ணன்.

"அத யாரு கண்டது? இந்தா மேல துருத்திக்கினு நிக்குதே, இது நகம். விரலு, கை, ஒடம்பெல்லாம் கீழ கெடக்குது. உன் வூடே இதுமேலதான் குந்திக்கினு இருக்கும்."

அண்ணன் சிரித்தான். "அதான் அப்பா வெட்டின கெணறு பாதியில முட்டிக்கிச்சி!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிணற்றடிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் இறங்கி அடி தெரிந்தது. அதே சாம்பல் நிறம்.

ஒரு நகத்தை விற்கப் போகிறார்கள். அதற்கு என் கையெழுத்து வேண்டும்.

14 மார்ச்

இன்றும் சொல்லவில்லை.

18 மார்ச், சனி

கரியாலூர் போய்வந்தேன். கூடப் படித்த நூர்ஜகான் அங்கேதான் நர்ஸ். போகுமுன் அவளைப் பார்க்காமல் இருக்க முடியாது. கச்சிராயபாளையத்தில் பஸ் ஏறினேன். கோமுகி அணை, அப்புறம் வளைவு வளைவாக மலை. வாந்தி எடுக்காமல் போய்ச்சேர்ந்ததே பெரிய சாதனை.

அவள் டூட்டி முடிந்ததும் அருவிக்குப் போனோம். தண்ணீர் நூல் மாதிரி. அதனால் பின்னாலிருந்த பாறை முழுதாகத் தெரிந்தது. மேலிருந்து கீழ்வரை, கழுவித் துடைத்த மாதிரி. நூர்ஜகான் ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள். நான் நின்றுவிட்டேன்.

சாம்பல் நிறத்துக்குள் கருப்புக் கோடுகள். நடுவே சாய்வாக ஓடும் ஒரு வெள்ளை வரி. எனக்குத் தெரியும் இதை. ஒவ்வொரு கோட்டையும் தெரியும். நான் தலை வைத்துப் படுக்கிற இடத்துக்கு இடது பக்கம் இதே சாய்வில் இதே வெள்ளை வரி ஓடுகிறது.

எங்கள் வயலிலிருந்து இங்கே வர ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ். அத்தனை தூரமும் நான் அதன்மேலேயேதான் வந்திருக்கிறேனா? அது இறங்கவே இல்லையா? மலை என்று நாங்கள் சொல்வதும், வயல் மூலையில் வீணாகக் கிடக்கிறது என்று சொல்வதும் —

இரண்டு உள்ளங்கையையும் வைத்தேன். எவ்வளவு நேரம் நின்றேனோ.

"இன்னாடி, கல்லுக்கு பல்ஸ் பாக்கறியா?" என்றாள் நூர்ஜகான்.

"ஆமா."

"இருக்குதா?"

"கம்மியா இருக்குது."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு, என் தோழி என்பதால், தானும் ஒரு கையை வைத்தாள். "ஜில்லுனு இருக்குது, பா," என்றாள். எடுக்கவில்லை.

வரும் வழியெல்லாம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சரிவுகளையே பார்த்தேன். மண் சரிந்த இடத்திலெல்லாம் அது எட்டிப் பார்த்தது.

21 மார்ச்

சொல்லிவிட்டேன். மாட்டுக்கொட்டகையில், அண்ணன் தவிடு கலக்கும்போது. இடம் பார்த்துச் சொல்லத் தெரியவில்லை எனக்கு.

"பாறைக்கு நான் கையெழுத்து போட மாட்டேன்."

அவன் வாளியை வைத்தான். "ஏன்?"

காரணம் சொல்ல வாயெடுத்தேன். இருநூற்றைம்பது கோடி என்று இவனிடம் சொல்வதா? "அத ஒடைக்கக் கூடாது," என்றேன். குழந்தை மாதிரி.

"நீ ஏறிப் பறந்துடுவ. இங்க வெயில்ல கெடந்து வேகறவன் நானு. ரெண்டு வருசமா கரும்பு காயுது. போர் போடணும். நீ அங்க குந்திக்கினு எங்க பாறை, எங்க பாறைன்னு நெனச்சிக்கறதுக்கு நான் இங்க காயணுமா?"

அவன் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. அதனால்தான் அழுகை வந்தது. நான் இன்னா அவன்கிட்ட நகையா கேட்டேன்? கல்லுதானே கேட்டேன். கல்லுதானேன்னு அவனும்தான் சொல்றான்.

22 மார்ச்

போகிறவள் எதையும் அசைக்காதே என்று சொல்லிவிட்டுப் போவது அன்பா, திமிரா? மூன்று புத்தகத்தைத் தவிர எல்லாவற்றையும் விட முடிந்தது. பட்டுப்புடவையை விட்டேன். சான்றிதழ்கள் போக ஒரு புகைப்படம்கூட எடுத்துவைக்கவில்லை. எடுத்துப்போகவே முடியாத ஒன்றை மட்டும் விட முடியவில்லை.

அண்ணன் பேசவில்லை. அண்ணி மட்டும் சிவப்புப் புத்தகத்தை முடித்துவிட்டதாகச் சொன்னாள். முடிவு பிடிக்கவில்லையாம்.

27 மார்ச்

கோடை மழை. மத்தியானம் மலைப்பக்கம் கருத்தது. கரியாலூர் மேலே தொடங்கி, சரிவில் இறங்கி, அணையை மறைத்து, கரும்பின் மேல் சத்தத்தோடு வந்தது. அம்மா அலறினாள்: "மரவள்ளி! பாறை மேல மரவள்ளி!"

நானும் அண்ணனும் ஒரே தார்ப்பாயின் இரு முனைகளைப் பிடித்துக்கொண்டு ஓடினோம். பாதியைத்தான் மூட முடிந்தது. அதற்குள் மழை விழுந்துவிட்டது.

முதல் துளிகள் பட்ட இடமெல்லாம் ஆவி. பாறை முழுக்கப் புகைந்தது. பிறகு சாம்பல் நிறம் போய்க் கருப்பாகி, கருப்பு பளபளத்து, உள்ளே இருந்த கோடெல்லாம் மேலே வந்தன. அந்த வெள்ளை வரி விளக்குப் போட்ட மாதிரி. தண்ணீர் தகடு தகடாக நான்கு பக்கமும் இறங்கியது. வெள்ளைத் துண்டுகள் அதில் மிதந்து வாய்க்காலுக்குப் போயின. சுனை நிரம்பி வழிந்தது. நாங்கள் நடுவில் தார்ப்பாயின் மேல் உட்கார்ந்திருந்தோம். எழுந்தால் காற்றில் அது பறந்துவிடும். எழ வழியில்லை.

எனக்குப் பயமாக இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சொல் தமிழில் இருக்க வேண்டும்.

அண்ணன் வாயைத் துடைத்துவிட்டு, மழைக்கு மேலே சத்தம் போட்டுச் சொன்னான்: "அப்பா மழ வந்தா இங்கதான் வந்து குளிப்பாரு. உனக்குத் தெரியுமா?"

தெரியாது.

கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமல்: "இப்ப இன்னா வேணும் உனக்கு?"

"பாறை மட்டும். என் பங்கு தோட்டம் பூரா நீ எடுத்துக்க."

"ஒரு ஏக்கர் நஞ்சைய குடுத்துட்டு கல்ல கேக்கற."

"ஆமா."

"லூசு."

மழை விட்டபோது மலை மிகக் கிட்டே வந்து நின்றது.

3 ஏப்ரல்

கள்ளக்குறிச்சி. கவுஸ் பாஷா எங்கள் குடும்பத்துக்கு அப்பா காலத்திலிருந்து பத்திரம் எழுதுகிறவர். கணக்கைக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"மாத்தி சொல்றியா தனசேகரு? தோட்டம் தங்கச்சிக்கு, பாறை உனக்கா?"

"இல்ல பாய். சரியாத்தான் சொல்றேன். பாறை அதுக்கு."

"யம்மா, பாகத்துல பாறைய கேட்டு வாங்கின ஆள நான் இப்பதான் பாக்கறேன். யோசிச்சிக்கினியா?"

"யோசிச்சிட்டேங்க."

"அப்ப சரி. கரையான் அரிக்காது," என்று எழுதத் தொடங்கினார்.

நான்கு எல்லைகளையும் வாய்விட்டுப் படித்தார். வடக்கே தனசேகரன் நிலம். கிழக்கே வண்டிப்பாதை. தெற்கே வாய்க்கால். மேற்கே சின்னராசு நிலம். நான் ஐந்தாவதுக்காகக் காத்திருந்தேன். கீழே எதுவரை என்று யாரும் கேட்கவில்லை, எழுதவும் இல்லை. கையெழுத்துப் போடுமுன் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அந்த நான்கு எல்லைகளையும் இன்னொரு முறை படித்தேன். அண்ணன் நான் வருத்தப்படுகிறேன் என்று நினைத்துக்கொண்டு எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக்கொடுத்தான்.

11 ஏப்ரல்

பெட்டி இருபத்தெட்டு. மீதி இரண்டு கிலோவுக்கு அம்மா பருப்புப்பொடியும் வடகமும் வைத்துவிட்டாள். வடகம் பாறையில் காய்ந்தது.

கட்டும்போது கேட்டாள்: "கல்ல வச்சிக்கினு இன்னா பண்ணுவ நீ?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன்மா."

அம்மா கயிற்றை இழுத்து முடிந்தாள். "அப்ப நான் மரவள்ளி காயவைக்கலாம் இல்ல?"

13 ஏப்ரல்

இரவு விமானம். சின்னசேலத்தில் ரயில். காலையில் பாறைக்குப் போகவில்லை. எங்கே நின்றாலும் அதன்மேல்தானே நிற்கிறேன்.

17 நவம்பர் 2024, ஞாயிறு — கால்வே, அயர்லாந்து

இந்தக் குறிப்பேட்டை இன்றுதான் மறுபடி திறக்கிறேன். அண்ணி பேசினாள். விஷயங்களை எழுதிவைக்கிறேன்.

அண்ணன் என் பங்கை அடகு வைத்துப் போர் போட்டான். தண்ணீர் வந்தது. கரும்பு நிற்கிறது. காசிநாதன் பக்கத்திலேயே மேற்கே, சின்னராசுவின் பாறையை எடுத்துக்கொண்டார். என்னுடையது தப்பியதால் அது போகிறது. அதுவும் இதே கல்தான். இதை நினைக்காமல் என்னால் தூங்க முடிவதில்லை.

அங்கே வெடி வைக்கும்போது எங்கள் சுனைத் தண்ணீரில் வட்டம் எழுகிறதாம்.

வெடிச்சத்தம் கேட்டதும் அண்ணன் எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டுப் போய்விடுகிறானாம். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, குனிந்து, கையால் தடவிக்கொண்டே ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை நடக்கிறானாம். "உன் அண்ணனுக்கும் புடிச்சிக்கிச்சி," என்று அண்ணி சிரித்தாள்.

அவன் எனக்குப் போன் செய்வதில்லை. ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் ஒரு செய்தி மட்டும் அனுப்புகிறான். இன்றும் வந்தது.

விரிசல் இல்ல.