உன் பெயரில் வரும் பத்திரிகை

மாப்ள,

இன்று காலை என் போனில் உன் பெயர் வந்தது. நீ போய் ஐந்து மாதமாகிறது. திராட்சைப் பந்தலுக்குக் கீழே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பாயே, அதே படம். அதற்கடியில், ‘திருமண அழைப்பிதழ். குடும்பத்துடன் அவசியம் வரவும்.’ கூடவே ஒரு ஃபைல்.

அதே ஃபைல்தான். போன தை மாதம் ஓடைப்பட்டித் தோட்டத்தில் நீ மருந்து கலக்கிக்கொண்டிருந்தபோது உன் போனுக்கு வந்தது. யார் வீட்டுக் கல்யாணமென்று தெரியவில்லை, அப்புறம் பார்க்கலாம் என்றேன். நீ கேட்கவில்லை. “பத்திரிகையப் பிரிக்காம வச்சா குடுத்தவுக என்ன நெனப்பாக? என் கை பூராம் மருந்து. நீயே அமுக்கு மாப்ள.”

அமுக்கினேன். இங்கிலீஷில் ஒரு எச்சரிக்கை வந்தது. இது உங்கள் போனுக்குக் கேடு செய்யலாம், உங்கள் தகவல்கள் திருடுபோகலாம் என்றது. படித்தேன், மாப்ள. படித்துவிட்டுத்தான் சம்மதம் கொடுத்தேன். வெயில், பசி, உன் அவசரம். உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பத்திரிகை திறக்கவே இல்லை. “நெட்டு இல்ல போல” என்று சிரித்தாய். சாயங்காலத்துக்குள் அது உன் பெயரில் ஊரெல்லாம் போய்விட்டது. அண்ணன் அனுப்பியது என்று நம்பித்தான் உன் தங்கை திறந்தாள். அவள் வங்கிக் கணக்கைத் துடைத்து எடுத்துவிட்டார்கள். “நான் அனுப்பல, தொறக்காதீக” என்று நீ வீடு வீடாகப் போய்ச் சொன்னாய். தங்கை உன்னோடு பேச்சை விட்டாள். உன் சாவுக்குத்தான் வந்தாள். விவரமில்லாதவன் என்று உன்னைத்தான் எல்லாரும் ஏசினார்கள். நான் வாயே திறக்கவில்லை.

உன் வாட்ஸ்அப் கணக்கை மீட்டுவிட்டோம் என்று நம்பினோம். இப்போது உன் சட்டையை எவனோ மாட்டிக்கொண்டு ஊருக்குள் திரிகிறான்.

இதை யோசித்துக்கொண்டிருக்கும்போதே உன் மனைவி கூப்பிட்டாள்.

“அண்ணே, அவுக பேர்ல ஒரு பத்திரிகை வந்திருக்கு. இங்கிலீசுல என்னமோ கேக்குது. அமுக்கவா?”

“வேணாம் ஆத்தா! அதுல கை வைக்காத.”

“அவுக பேரு போட்டிருக்கேண்ணே.”

அந்த இங்கிலீஷுக்கு என்ன அர்த்தமென்று சொன்னேன். அன்றைக்கும் அதைப் படித்தேன் என்பதையும் சொன்னேன்.

“நான் அமுக்கலண்ணே” என்றாள். “அன்னைக்கு இத அவுககிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு அமுக்கியது நான்தான் என்று சொல்ல இப்போது உன் தங்கை வீட்டுக்குக் கிளம்புகிறேன். பைக்கை எடுக்குமுன் ஒருமுறை போனைப் பார்த்தேன். உன் பெயருக்குக் கீழே ‘ஆன்லைன்’ என்று காட்டுகிறது.